மாரி மழைக்குள் மெரேங்: சுண்டிக்குளியில் ஒரு நத்தார் வகுப்பு

நத்தாருக்கு வீட்டிலேயே ரிச் கேக் செய்யும் குடும்பங்களில், கேக் கலவை தயாராகும்போதே இன்னொரு பிரச்சினையும் தயாராகிவிடும். எங்கள் நாட்டு ரிச் கேக் கோதுமை மாவை நம்பி எழுவதில்லை. வறுத்த ரவை, நறுக்கிய கஜு, சீனிப்பாகில் ஊறிய பூசணி, பட்டர் ஆகியவற்றை ஒன்றாகப் பிடித்து நிறுத்துவதற்கு மஞ்சட்கரு தாராளமாக வேண்டும். பழைய கையெழுத்துச் செய்முறைகளில் 25 மஞ்சட்கரு வரை கேட்டிருப்பார்கள். வெள்ளைக்கருவில் ஒரு பங்கை மட்டும் நுரைக்க அடித்துக் கலவையில் சேர்த்துவிட்டு, மீதியை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடுவது வழக்கம். அந்தக் கிண்ணம் பண்டிகை முடியும்வரை அங்கேயே இருந்து, கடைசியில் கொட்டுப்படும். வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, மொறுமொறுப்பாக உலர்த்தி எடுக்கும் மெரேங் என்னும் இனிப்பு அந்தக் கிண்ணத்திற்கு மிகப் பொருத்தமான வேலை: வெள்ளைக்கரு, சீனி, சிறிது புளிப்பு ஆகிய மூன்றும் போதும். மூன்றும் எந்த வீட்டிலும் இருக்கும் பொருள்களாக இருந்தும், யாழ்ப்பாணத்தில் நத்தார் மேசையில் மெரேங் அரிதாகவே காணப்படுவதற்குக் காரணம் அதன் செய்முறையைவிட எங்கள் மார்கழிக் காலநிலைதான் என்பதை, அண்மையில் நான் சேர்ந்து படித்த ஒருநாள் வகுப்பு நன்றாகவே எடுத்துக்காட்டியது. அந்த வகுப்பைப் பற்றிய மதிப்பீடு இது.

வகுப்பு நடப்பது சுண்டிக்குளிப் பக்கத்தில், நாற்சார் வீடொன்றின் பின்விறாந்தையில். நடத்துபவர் பல ஆண்டுகள் பாடசாலையில் மனையியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவர் விளம்பரம் செய்வதில்லை. பெயரும் தொலைபேசி இலக்கமும் வாய்வழியாகவே பரவுகின்றன, அவருடைய விருப்பமும் அதுவே என்பதால் இங்கும் பெயரைக் குறிப்பிடவில்லை. சேர்ந்திருந்த எல்லோருக்கும், அவரிடம் ஒருபோதும் படித்திராதவர்கள் உட்பட, அவர் 'ரீச்சர்'தான். காலையில் தொடங்கி மாலைத் தேநீர் நேரம் வரை நீளும் வகுப்பில், முட்டை பிரிப்பது முதல் ரின்னில் அடைத்து மூடுவது வரை முழுவதையும் கையாற் செய்து பார்க்கலாம். பொருள்கள் அனைத்தும் கட்டணத்திற்குள் அடங்கும். ஐசிங் பையும் ஓர் ஏப்ரனும் மட்டும் நாங்கள் கொண்டுபோக வேண்டும்.

தொடக்கத்தில் மெரேங்கின் வரலாறு என்று ரீச்சர் சொன்ன கதை சற்று நீண்டுவிட்டது. சுவிற்சர்லாந்தின் மைரிங்கன் என்னும் ஊரில் கஸ்பரீனி என்ற இத்தாலியச் சமையற்காரர் 1720 அளவில் இதைக் கண்டுபிடித்தார் என்ற அந்தக் கதை கேட்க அழகானது. ஆனால் பிரெஞ்சுச் சமையற்காரர் பிரான்சுவா மசியலோ 1692 ஆம் ஆண்டிலேயே மெரேங்கின் செய்முறையை அச்சில் வெளியிட்டுவிட்டதால், அது கதை என்ற அளவில்தான் நிற்கும். கதைக்குச் செலவான நேரத்தைப் பிற்பகலுக்குச் சேமித்திருக்கலாம். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

கதை முடிந்து காலநிலைக்கு வந்தபோதுதான் வகுப்பு உண்மையில் தொடங்கியது. இணையத்தில் கிடைக்கும் மெரேங் செய்முறைகளில் பெரும்பாலானவை உலர்ந்த குளிர்காலத்தில், வெப்பமூட்டிய வீடுகளுக்குள் இருந்து எழுதப்பட்டவை. யாழ்ப்பாணத்திலோ ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்கிறது. நத்தார் நெருங்கும்போது நிலமும் சுவரும் துணியும் ஈரத்தில் ஊறியிருக்கும். வெள்ளைச் சீனியின் இயல்பு என்னவென்றால், காற்றின் சாரீரப்பதன் (காற்றிலுள்ள ஈரத்தின் அளவு) ஏறத்தாழ 85 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீரைத் தானே இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். மழை நாளொன்றின் விடியற்காலையில் எங்கள் ஊரில் அந்த எல்லையைத் தொடுவது பெரிய காரியமில்லை. எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சீனியாகவும், உள்ளே முழுவதும் நுண்ணிய காற்றறைகளாகவும் உள்ள ஒரு பண்டம் அந்தக் காற்றில் திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நகரின் பேக்கரி ஒன்றில் சென்ற ஆண்டு நத்தாருக்கென வாங்கிய மெரேங் பொதி வீட்டிற்கு வருமுன்னரே பல்லில் ஒட்டும் பசையாகிவிட்டிருந்தது. கடைக்காரர்கள் அதை மெல்லிய பொலித்தீன் பையில் இட்டு, வாயை வெறுமனே முறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆகவே இந்த வகுப்பை நான் மதிப்பிட்டது அடிப்பதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைக் கொண்டன்று, உலர்த்துவதையும் காப்பதையும் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைக் கொண்டு.

அடிப்பதும் நன்றாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டது. குளிர்ந்த முட்டையில் மஞ்சட்கரு இறுக்கமாக இருப்பதால் பிரிப்பதற்கு அது நல்லது. பிரித்த வெள்ளைக்கருவோ அறை வெப்பநிலைக்கு வந்தபின்னரே விரைவாக நுரைக்கும். ஆகவே முட்டைகளைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே பிரித்து, மூடி வைத்துவிட்டு, மற்ற ஆயத்தங்களைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சிறு கோப்பையில் உடைத்துப் பார்த்து, மஞ்சள் கலக்காத வெள்ளைக்கருவை மட்டுமே பெரிய பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். மஞ்சட்கருவிலுள்ள கொழுப்பு ஒரு சொட்டு விழுந்தாலும், நுரையின் சுவராக நிற்கும் புரதங்களைக் குலைத்துவிடும். பிளாஸ்ரிக் பாத்திரத்தின் கீறல்களில் பழைய எண்ணெய் தங்கியிருக்கும் என்பதால் கண்ணாடியோ எவர்சில்வரோ மட்டும் அனுமதிக்கப்பட்டது. அதையும் நம்பாமல், தேசிக்காய் ஒன்றை இரண்டாக வெட்டி, அரைப் பழத்தால் பாத்திரத்தின் உட்புறம் முழுவதையும், பீற்றரின் கம்பிகளையும் சேர்த்து, அழுத்தித் தேய்த்துக் காட்டினார். தேசிப்புளி எஞ்சிய எண்ணெய்ப்பசையை அகற்றுவதோடு, வெள்ளைக்கருவின் காரத்தன்மையைக் குறைத்து, நுரை அளவுக்கு மிஞ்சி இறுகி உடைந்துபோவதையும் தடுக்கும். வெளிநாட்டுச் செய்முறைகள் கேட்கும் கிறீம் ஒஃப் ராட்டர் என்னும் புளிப்புத் தூளும் இதே வேலையைத்தான் செய்கிறது. யாழ்ப்பாணக் கடைகளில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை என்று தெரிந்ததே பலருக்கு ஆறுதலாக இருந்தது.

அளவு விடயத்தில் ரீச்சர் கண்டிப்பானவர். முட்டைகளின் பருமன் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறுவதால் எண்ணிக்கையை நம்பாமல் வெள்ளைக்கருவைத் தராசில் நிறுத்து, அதன் இரு மடங்கு எடைக்குச் சீனி எடுக்க வேண்டும். நடுத்தர முட்டை ஒன்றில் ஏறத்தாழ 30 கிறாம் வெள்ளைக்கரு இருக்கும் என்று கொண்டால் சீனி 60 கிறாம். இதைக் கேட்டதும் வழக்கம்போல ஒருவர் சீனியைக் குறைக்கலாமா என்று கேட்டார். சம எடைக்குக் குறைத்தால் கிடைப்பது மென்மையான மெரேங். எலுமிச்சை நிரப்பிய 'பை' (pie) என்னும் பண்டத்தின் மேலே பரப்பி உடனே சாப்பிட அது உகந்தது, ஆனால் காய்ந்து மொறுமொறுப்பாக நிற்காது. சீனி இங்கே இனிப்பிற்காக மட்டும் இல்லை, அதுவே கட்டடத்தின் சீமெந்து என்று அவர் சொன்ன விளக்கம் அந்தக் கேள்வியை அத்தோடு முடித்துவைத்தது.

எங்கள் கடைச் சீனியின் பரல் பெரியது. அதை அப்படியே போட்டு அடித்தால் கரைந்து முடியுமுன் நுரை தளர்ந்துவிடும். கரையாது தங்கிய பரல்கள் பின்னர் ஈரத்தை இழுத்துக் கரைந்து, மெரேங்கின் மேற்பரப்பில் பாகுத் துளிகளாக வியர்க்கும். கிரைண்டரில் சில விநாடி அரைத்து, மாவாகிப் போகாமல் நொய்போல எடுத்த சீனியைத்தான் வகுப்பில் பயன்படுத்தினோம். ஐசிங் சீனியை நேரடியாகப் பயன்படுத்தலாமே என்றால், அதில் கட்டிபடாமல் இருப்பதற்காகச் சோள மா கலந்திருப்பதால் சுவை சற்று மாவாகத் தெரியும் என்பது அவருடைய பதில். வெள்ளைக்கரு மென்மையான கூம்பாக எழும்பும் கட்டத்தில், பீற்றர் ஓடிக்கொண்டிருக்கவே ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சீனி சேர்க்க வேண்டும். அவசரப்பட்ட கைகளைக் கண்டால் ரீச்சரின் குரல் உயர்ந்தது: "கொட்டாதேங்கோ பிள்ளையள், தூவுங்கோ. அது குடிச்சு முடிஞ்சாப் பிறகு அடுத்த கரண்டி." முழுவதும் சேர்ந்தபின், ஒரு துளி நுரையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். "நெருடுதோ?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். நெருடினால் இன்னும் அடிக்க வேண்டும். பட்டுப்போல வழுக்கினால், பீற்றரைத் தலைகீழாகத் தூக்கியதும் நுனி கிளியலகு போல ஒருமுறை வளைந்து அப்படியே நின்றால், நுரை தயார். செய்முறைத் தாள்களில் எழுதப்படும் நிமிடக் கணக்குகளைவிட இந்த விரற் பரீட்சை நம்பகமானது. வகுப்பில் நான் பெற்றுக்கொண்டவற்றுள் நாளாந்தம் கைகொடுப்பதும் இதுதான்.

இதுவரை சொன்னது பிரெஞ்சு முறை. ரீச்சர் மழைக்காலத்துக்குப் பரிந்துரைப்பதோ சுவிஸ் முறை. கொதிக்கும் நீருள்ள பாத்திரத்தின் மேல், நீர் தொடாதபடி இன்னொரு பாத்திரத்தை வைத்து, வெள்ளைக்கருவையும் சீனியையும் ஒன்றாகக் கலக்கிச் சூடாக்கி, சீனி முற்றாகக் கரைந்தபின் இறக்கி அடிப்பது இது. சீனி முன்னரே கரைந்துவிடுவதால் வியர்க்கும் தொல்லை குறைகிறது. நுரை கொஞ்சம் அடர்த்தியாகவும் பளபளப்பாகவும் இருப்பதால் பூவேலைப்பாடுகள் அச்சுப் பிசகாமல் நிற்கின்றன. வெப்பமானி வைத்து 71 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் சல்மனெல்லாக் கிருமி பற்றிய அச்சமும் நீங்கும். சீனி கலந்திருப்பதால் அந்த வெப்பத்திலும் வெள்ளைக்கரு திரண்டு பொரியலாவதில்லை, ஆனால் கரண்டி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஏறத்தாழ 118 பாகை செல்சியஸ் வரை காய்ச்சிய சீனிப்பாகை ஊற்றி அடிக்கும் இத்தாலிய முறையை அவர் ஒருமுறை செய்து காட்டியதோடு நிறுத்திக்கொண்டார். கொதிக்கும் பாகும் சுழலும் பீற்றரும் ஒன்றாகச் சேரும் அந்த வேலையைப் புதியவர்களிடம் கொடுக்காதது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பிழிந்து உருவமைக்கும் பகுதியில்தான் பண்டிகைக் களை வந்தது. நட்சத்திர நொசிலால் பெரிது, சிறிது, மிகச் சிறிது என மூன்று வட்டங்களைப் பிழிந்து உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக உருகிய சொக்கலேற்றால் ஒட்டினால் நத்தார் மரம். சிறு கூம்புகளை வளையமாக நெருக்கிப் பிழிந்தால் மலர்வளையம். எனக்குப் பிடித்தவை காளான்கள்: வட்டமான தொப்பியைத் தனியாகவும் கூரான தண்டைத் தனியாகவும் பிழிந்து, உலர்ந்தபின் தொப்பியின் அடியில் கத்தி நுனியாற் சிறு குழி தோண்டித் தண்டைச் செருகி, மேலே கொக்கோத் தூளை ஊதிவிட்டால், மண்ணிலிருந்து அப்போதுதான் பிடுங்கியவை போலத் தோன்றும். பிரான்சில் மரக்குற்றி வடிவில் செய்யும் நத்தார் கேக்கைச் சுற்றி இவற்றை அடுக்குவார்கள். பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பிள்ளை அதைக் கண்டதும் பெயர் சொல்லி அடையாளம் காட்டியது. மரங்களுக்குப் பூசிய பச்சை நிறத்தைத்தான் என்னால் பாராட்ட முடியவில்லை. ஜெல் நிறத்தில் ஊசிமுனை அளவு போதும் என்று சொல்லிக்கொடுத்த அதே கையால், காட்டிய மாதிரிக்குச் சவர்க்காரப் பச்சை ஏறும்வரை நிறம் சேர்க்கப்பட்டது. நீர்த்தன்மையான மலிவு நிறங்கள் நுரையைத் தளர்த்திவிடும் என்ற எச்சரிக்கை பயனுள்ளது. வெள்ளையாகவே விட்டால் மெரேங் இன்னும் அழகாயிருக்கும் என்ற எச்சரிக்கையையும் யாராவது சேர்த்துச் சொல்லலாம்.

ஓவனைப் பற்றிய பாடத்திற்காக மட்டுமே இந்த வகுப்புக்குப் போகலாம். மெரேங்கை வேகவைப்பதாக நினைத்துத்தான் பெரும்பாலானோர் கெடுக்கிறார்கள். அதை வேகவைப்பதில்லை, உலர்த்துகிறோம். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு நீர்தான், அதை நிறம் மாறாமல் வெளியேற்ற வேண்டும். அதற்கு 90 முதல் 100 பாகை செல்சியஸ் வரையான வெப்பமும், சிறிய பூக்களுக்கே ஒன்றரை மணிநேரத்துக்கு மேற்பட்ட பொறுமையும் தேவை. எங்கள் வீடுகளிலுள்ள மேசை ஓவன்களில் பலவற்றின் திருகுகுமிழ் 100 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. இறங்கினாலும் உள்ளே உண்மையில் இருக்கும் வெப்பம் வேறு. ரீச்சர் தம்முடைய இரண்டு ஓவன்களுக்குள்ளும் தனியான வெப்பமானியைத் தொங்கவிட்டுக் காட்டியபோது, ஒன்று குமிழ் சொன்னதைவிட வெகுவாகச் சூடேறியிருந்தது. அந்த ஓவனின் கதவிடுக்கில் மரக்கரண்டியின் காம்பைச் செருகி, ஒரு விரலளவு திறந்தபடி விட்டார். வெப்பமும் இறங்கியது, உள்ளே தேங்கிய நீராவியும் வெளியேறியது. எரிவாயு ஓவன் வைத்திருப்பவர்களுக்கு அவர் சொன்னது சுருக்கமானது: ஆகக் குறைந்த சுவாலையிலும் அது மெரேங்குக்குச் சூடு அதிகம், அயலில் யாரிடமாவது மின் ஓவனை இரவல் கேளுங்கள்.

தாளிலிருந்து தானாகக் கழன்று வந்தால் மெரேங் உலர்ந்துவிட்டது என்பது அடையாளம். அதன்பின் ஓவனை நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல் முற்றாக ஆறும்வரை உள்ளேயே விடவேண்டும். மழை பெய்யும் நாளில் சுடச்சுட வெளியே எடுத்து மேசையில் ஆறவிட்டால், வெப்பம் இறங்க இறங்க அது காற்றின் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கும். இரவில் உலர்த்தி, விடியும்வரை ஓவனுக்குள்ளேயே விட்டுவிடுவதே அவருடைய வழக்கம். வகுப்பு ஒருநாளுக்குள் முடியவேண்டியிருந்ததால், எங்கள் கையால் செய்தவற்றோடு, முதல்நாள் இரவு அவர் உலர்த்தி வைத்தவற்றையும் அருகருகே வைத்துக் காட்டினார். மேலோட்டமாகப் பார்த்தால் வேறுபாடு இல்லை. உடைத்தால் தெரிந்தது: இரவு முழுவதும் கிடந்தது உள்மையம்வரை ஒரே வெண்மையாகப் பொடிந்தது, எங்களுடையதன் நடுவில் இன்னும் மெழுகு போன்ற ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளியில் எஞ்சிய ஈரம்தான் இரண்டு நாளில் வெளியே பரவி முழுவதையும் ஒட்டும் பண்டமாக்கிவிடும்.

பிற்பகலில் பவ்லோவாவுக்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. ரஷ்ய நடன மங்கை அன்னா பவ்லோவா 1926 இல் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆடியதை ஒட்டி அவர் பெயரைப் பெற்றது இந்த மெரேங் கேக்; முதலிற் செய்தவர்கள் தாங்களே என்று இரண்டு நாடுகளும் இன்றும் பிடிவாதமாக நிற்கின்றன. அங்கே டிசெம்பர் கோடைகாலம் என்பதால் குளிர்ந்த கிறீமும் பழங்களும் ஏற்றிய பவ்லோவா நத்தார்ப் பண்டமாகிவிட்டது. மெல்பேணிலும் சிட்னியிலும் உறவினர் இல்லாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் குறைவு. அவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டு, இதைக் கற்பதற்காகவே வகுப்புக்கு வந்திருந்தவர்கள் பலர். நுரையுடன் சோள மாவும் வினாகிரியும் சேர்த்து, வெளியே மெல்லிய ஓடும் உள்ளே மாஷ்மெலோ போன்ற மென்மையுமாக எடுக்கவேண்டிய இந்தப் பண்டத்தில், ஓட்டில் வெடிப்பு விழாமல் ஆறவிடுவதே கலை. அதை நாங்கள் செய்யவில்லை. அவர் செய்து வைத்திருந்ததில் கிறீமும் பழமும் ஏற்றியதோடு பாடம் முடிந்தது. மேலே இட்ட பழங்களின் தெரிவு மட்டும் சிறப்பாயிருந்தது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மார்கழியில் கிடைக்காது, நுவரெலியாவிலிருந்து வரும் ஸ்ரோபெரி விலை கூடியது. ஆகவே யாழ்ப்பாணத்து முந்திரிகைப் பழத்தை (திராட்சையை) இரண்டாகப் பிளந்து அடுக்கி, அதன்மேல் பஷன் பழத்தின் சாற்றை விதையோடு வழியவிட்டார். மெரேங்கின் தடித்த இனிப்பை அறுக்க அந்தப் புளிப்பு அவசியம்.

சுவையூட்டுவதில் அவர் காட்டிய துணிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வனிலா எசன்ஸை ஒதுக்கிவிட்டு, ஒரு தட்டுக்குப் பன்னீர், ஒரு தட்டுக்கு ஏலப்பொடி, ஒரு தட்டுக்கு அரைத்த கஜு என்று பிரித்துச் செய்வித்தார். கஜுவைச் சேர்க்கும்போது அதன் எண்ணெய் நுரையை இறக்கிவிடும் என்பதால், எல்லாம் அடித்து முடிந்தபின் அகன்ற கரண்டியால் மடித்து மடித்துக் கலக்க வேண்டும். கஜுத் தட்டு வெளியே வந்ததும் அனைவருக்கும் நினைவு வந்தது கடலுக்கு அக்கரையிலுள்ள தூத்துக்குடியின் மக்ரூன். அதுவும் முந்திரிப் பருப்பும் வெள்ளைக்கருவும் சீனியும் மட்டும் சேர்ந்த, கூம்பு வடிவ மெரேங்தான்; அதுவும் எங்களைப் போன்ற கடற்கரை ஊரிலேயே பிறந்து புகழ் பெற்றிருக்கிறது. ஈரக்காற்று மெரேங்குக்குப் பகை என்றாலும் அதை வெல்ல முடியாததில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பனங்கட்டியைச் சீனிக்குப் பதிலாக இடலாமா என்ற கேள்விக்கும் செய்தே காட்டினார். நிறமும் மணமும் அருமை. ஆனால் பனங்கட்டி இயல்பாகவே ஈரத்தை இழுத்து இளகுவதால், தட்டை வெளியே எடுத்துச் சற்று நேரத்துக்குள்ளேயே பிசுபிசுத்தது. சீனியில் சிறு பங்கை மட்டும் பனங்கட்டித் தூளால் மாற்றி, அன்றைக்கே சாப்பிட்டு முடிப்பதாக இருந்தால் செய்யலாம் என்பது அவர் தீர்ப்பு. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பொதி செய்வதற்குக் கொடுத்த கவனம் வேறெங்கும் நான் கண்டிராதது. ரீச்சர் பயன்படுத்துவது அகன்ற வாயுள்ள பழைய பிஸ்கற் ரின்கள். அடியில் உணவுக்குரிய சிலிக்கா ஜெல் சிறுபொதிகள், அதன்மேல் ஒயில் பேப்பர், அதன்மேல் ஒரே அடுக்காக மெரேங். மூடியின் விளிம்பைச் சுற்றி ரேப் ஒட்டுவது எறும்புக்கும் சேர்த்துத்தான். ரின்னைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. உள்ளே ஈரம் அதிகம், வெளியே எடுத்ததும் மேற்பரப்பில் நீர் படியும். பரிசாகக் கொடுப்பதென்றால், கண்ணாடி போன்ற பெட்டியில் அழகுக்காக நாட்கணக்கில் காட்சிக்கு வைக்காமல், கொடுக்கும் அன்று காலையில் ரின்னிலிருந்து மாற்ற வேண்டும். இப்படி அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பன்னீர் மெரேங், வெளியே மழை ஓயாமல் பெய்த நாட்களைக் கடந்தும், மூடியைத் திறந்தபோது விரலால் அழுத்தியதும் சடக்கென்று உடைந்தது.

குறைகளும் உண்டு. முதலாவது, பீற்றர்களின் எண்ணிக்கை. ஒரு மேசைக்கு ஒரு கைப் பீற்றர் என்பதால், நுரை எழும்பும் கட்டத்தைப் பலர் எட்டி நின்றுதான் பார்த்தார்கள். மெரேங்கில் அந்தக் கட்டத்தைக் கையில் உணராமல் படித்துப் பயனில்லை. இரண்டாவது, கையில் தந்த செய்முறைத் தாள். வகுப்பு முழுவதும் தராசையும் கிறாமையும் வலியுறுத்திவிட்டு, தாளில் எல்லா அளவுகளும் கோப்பைக் கணக்கில் இருந்தன. எந்தக் கோப்பை என்ற விளக்கமும் இல்லை, சுவிஸ் முறைக்கான வெப்ப அளவும் விடுபட்டிருந்தது. சொன்னதைக் குறித்துக்கொள்ளாமல் தாளை மட்டும் நம்பி வீட்டிற்போய்ச் செய்பவர் நிச்சயமாக ஏமாறுவார். ரீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுளிக்கவில்லை. பழைய பாடசாலைக் காலத்துத் தாளை அப்படியே பிரதி எடுத்ததாகச் சொல்லி, தம் கைப்பட அளவுகளைத் திருத்தித் தந்தார். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கலாம். உலர்ந்துகொண்டிருக்கும் பாதியில் மின் போனால் கதவைத் திறக்காமல் காத்திருக்கவேண்டும் என்பது ஒருவர் கேட்டதனால்தான் வெளிவந்தது.

கட்டணத்தை வெறும் தொகையாகப் பார்த்தால் கூடுதலாகத் தோன்றலாம். நகரில் விற்கும் நல்ல ரிச் கேக் ஒரு கிலோவின் விலைக்குச் சற்று மேல். பொருள்களும் மதியச் சாப்பாடும் வீட்டுக்குக் கொண்டுபோகும் ரின்னும் அதற்குள் அடங்குவதால் எனக்கு அது உறுத்தவில்லை. கேக் செய்து பழகியவர்கள், வெள்ளைக்கரு மிஞ்சும் வீட்டுக்காரர்கள், நத்தார்ப் பரிசுகளைத் தாங்களே செய்ய விரும்புகிறவர்கள் தயங்காமல் சேரலாம். பவ்லோவா ஒன்றையே நோக்கமாக வைத்திருப்பவர்கள், அதற்கெனத் தனி வகுப்பு வைக்கும் எண்ணம் ரீச்சருக்கு இருப்பதால் கேட்டறிந்து காத்திருப்பது நல்லது. சேருவதானால் டிசெம்பர்த் தொடக்கத்து வகுப்பையே கேட்டு வாங்குங்கள். நத்தாருக்கு முந்திய வாரத்தில் அவருடைய ஓவன்களில் ஒன்று கேக் ஓடர்களுக்குப் போய்விடும், குமிழுக்கு மேலாகச் சூடேறும் மற்ற ஓவன்தான் வகுப்புக்குக் கிடைக்கும்.